கள்ளுக்கடைப் பலகையும் பார் நாற்காலியும்

எங்க பக்கம் சாயங்காலத்துல ஒருத்தர் 'கடைக்குப் போயிட்டு வரேன்'னு சொன்னா அது மளிகைக் கடை இல்லன்னு வீட்டுல எல்லாருக்கும் தெரியும். ஆனா போறவங்க குடிக்க மட்டும் போறதில்ல. காரசாரமா ஏதாவது சாப்பிடணும், நாலு பேரோட உக்காந்து பேசணும்னும்தான் போறாங்க. டீக்கடையில ரொம்ப நேரம் உக்காந்தா முறைக்கிறாங்க. வீட்டுல கறிக்குழம்பு வாரத்துக்கு ஒரு நாள். அதனால அந்தக் கடையில தட்டுல என்ன வந்துச்சு, இப்போ என்ன வருதுன்னு எழுதுறேன். எங்க ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் கதை பாதி அதுலயே வந்துடும்.

1981-ல அரசாங்கம் கள்ளுக்கடையைத் திரும்பத் திறந்தப்போ நான் ஏழாவது படிச்சேன். கடை வாசல்ல ஒரு ஆயா சாப்பாட்டுச் சாமான் விப்பாங்க. எங்க மேட்டு நிலத்து வேர்க்கடலையை வாராவாரம் அவங்களுக்குக் கொண்டுபோய்க் கொடுக்குறது என் வேலை. கீத்துக் கொட்டகை, செங்கல் மேல வச்ச பலகை, அவ்வளவுதான் கடை. அவிச்ச கடலை, மொச்சை சுண்டல், ஏரியில பிடிச்ச கெளுத்திக் குழம்பு, சுட்ட கருவாடு, மழை பெஞ்சா வயல் நண்டு. குழம்புல காரம் தூக்கலா இருக்கும். கள்ளோட புளிப்புக்கு அதுதான் சரின்னு பெரியவங்க சொல்லுவாங்க.

கள்ளுக்கு ஒரு குணம் உண்டு. விடியக்காலையில இறக்கினது சாயங்காலத்துக்குள்ள நல்லா புளிச்சிடும். அதை லாரியில ஏத்தி வெளியூருக்கு அனுப்புறது கஷ்டம். அதனால மரம் ஏறினவர், மீன் பிடிச்சவர், கடலை போட்டவர், உக்காந்து சாப்பிட்டவர் எல்லாருமே சுத்துப்பட்டு ஆளுங்கதான். கடைக்குள்ள போன காசு ஒரு சுத்து சுத்திட்டு ஊருக்குள்ளயே வந்து நிக்கும்.

1987 ஜனவரி 1-ல இருந்து கள்ளு கூடாதுன்னு ஆயிடுச்சு. கலயத்துக்குள்ள சுண்ணாம்பு தடவினா பதநீர், தடவலன்னா கள்ளு. ஒரே மரம், ஒரே கலயம், ஒண்ணு சட்டப்படி, இன்னொண்ணு குத்தம். ஆயா கொஞ்ச நாள் இட்லி சுட்டுப் பார்த்தாங்க, ஓடல.

அப்புறம் கம்பெனிங்க வந்துச்சு. 1998-ல இருங்காட்டுக்கோட்டையில ஹூண்டாய் கார் வெளிய வர ஆரம்பிச்சுது. 2006-ல ஸ்ரீபெரும்புதூர்ல நோக்கியா ஓட ஆரம்பிச்சு, 2014-ல மூடிட்டாங்க. 2010-ல ஒரகடத்துல ரெனோ நிசான். நடுவுல 2003 கடைசியில மது சில்லறை விற்பனை முழுக்க டாஸ்மாக் கைக்குப் போச்சு. இப்போ பகல் 12 மணிக்குத் திறந்து ராத்திரி 10 மணிக்கு மூடுறாங்க. ஷிப்ட் முடிஞ்சு கம்பெனி பஸ்ஸுல வந்து இறங்குறவங்களுக்கு அதுதான் கணக்கு.

இன்னைக்கு பார்ல உக்காந்தா தகரக் கூரை, பிளாஸ்டிக் நாற்காலி, வாட்டர் பாக்கெட். தட்டுல அவிச்ச முட்டை, அது நாமக்கல்லுல இருந்து வருது. சிக்கன் பக்கோடா, பிராய்லர் கோழி. மீன் வறுவல் பாதி நாள் ஆந்திராவுல இருந்து ஐஸ் பெட்டியில வந்த கட்லா. ருசி இல்லன்னு சொல்ல மாட்டேன், நானே ரெண்டு துண்டு கேட்டு வாங்கிச் சாப்பிடுவேன். ஆனா அந்தத் தட்டுல எங்க ஊர்ல விளைஞ்சது மாங்கா கீத்து மட்டும்தான்.

கடைக்குக் கொஞ்ச தூரத்துல ஒரு அக்கா தள்ளுவண்டி போட்டிருக்காங்க. ஒரு காலத்துல எங்க கழனிக்கு நடவுக்கு வந்தவங்க. நடவு குறைஞ்சதும் வண்டி போட்டாங்க. குடல் வறுவல், சுண்டல், கருவாடு. போன பங்குனியில நான் நின்னுட்டு இருந்தப்போ ஒரு ஒடிசா பையன், காண்ட்ராக்ட் லேபர், அக்கா தனக்குன்னு வச்சிருந்த பழைய சோத்துக் குண்டானைப் பார்த்துட்டு, "அக்கா, பகாளா?"ன்னான். அவங்க ஊர்லயும் சோத்துல தண்ணி ஊத்திப் புளிக்கவச்சு, கருவாடோட சாப்பிடுவாங்களாம். அதுக்கு அவங்க வச்ச பேரு பகாளா. அக்கா பாதியை அவனுக்கு ஊத்திக் கொடுத்தாங்க. "எவ்ளோ நாளாச்சோ புள்ள சாப்பிட்டு"ன்னாங்க. மறுநாள் அவன் மூணு பேரைக் கூட்டிட்டு வந்தான். இப்போ பழைய சோத்துக்கே தனிக் குண்டான்.

அதுக்குக் குண்டு அரிசிதான் சரி. என்கிட்ட இருக்குறது ஒன்றரை ஏக்கர் கழனி. மாசம் ஒரு மூட்டை அரிசி அக்கா நேரா எடுத்துக்குறாங்க, வியாபாரி கொடுக்குறதைவிட கிலோவுக்கு நாலு ரூபா கூட. நாப்பது வருஷத்துல இந்தக் கம்பெனி ரோட்டுக் காசு என் விளைச்சலுக்குன்னு வந்தது இதுதான் முதல் தடவை. நிலத்துக்குன்னு காசு வந்திருக்கு, புரோக்கருங்க வராத மாசம் கிடையாது. என் பையன் கம்பெனிக்குப் போறான், "குடுத்துடலாம்பா"ங்கறான். அவன் சொல்றதுலயும் நியாயம் இருக்கு.

வரப்புல இருபத்திமூணு பனை சும்மா நிக்குது. கலெக்டர் அனுமதி இல்லாம பனையை வெட்டக்கூடாதுன்னு 2021 வேளாண் பட்ஜெட்டுல சொன்னாங்க, நல்லதுதான். ஏற ஆளும் இல்ல, இறக்க வழியும் இல்ல. கள் இயக்கம் நடத்துற நல்லசாமி ஐயா கள்ளு உணவு, அதை இறக்குறது விவசாயி உரிமைன்னு ரொம்ப வருஷமா சொல்லிட்டு வராரு. பாலக்காடு சித்தூர் பக்கம் இன்னைக்கும் தென்னங்கள்ளு இறக்குறாங்க. கேரளாவுல கள்ளு ஷாப்புக்குக் கப்பையும் மீன் கறியும் சாப்பிடவே குடும்பத்தோட போறாங்க. நீங்களே ஆலப்புழை டூர் போனப்போ சாப்பிட்டிருப்பீங்க.

இதை வீட்டுல சொன்னா என் சம்சாரம் கேக்குறா: "கள்ளா இருந்தா என்ன, பாட்டிலா இருந்தா என்ன, வீட்டுக்கு வர்றது காலிப் பைதானே?" அவ தகப்பனாரைப் பார்த்து வளர்ந்தவ. அவளுக்குச் சொல்ல என்கிட்ட பதில் இல்ல, குடிக்கச் சொல்லி இதை எழுதவும் இல்ல.

நான் சொல்ல வர்றது தட்டைப் பத்தி. எத்தனையோ ஆயிரம் பேர் தினமும் எங்க ஊர்ல பசியோட பஸ்ஸை விட்டு இறங்குறாங்க. அவங்க தட்டுல எங்க கடலையும் எங்க ஏரி மீனும் எங்க அரிசியும் இருந்தா இங்க கழனி நிக்கும். இல்லன்னா புரோக்கர் நிப்பான். இந்த வருஷமும் குண்டு நெல்லுதான் விதைக்கப்போறேன். மேட்டு நிலத்துல கொஞ்சம் மொச்சையும் போடச் சொல்லியிருக்காங்க அக்கா.