எண்ணெயா, கிரீஸா?

என் தந்தையார் விட்டுச்சென்ற உடைமைகளுள் உடன்பிறந்தார் எவரும் பங்கு கேளாத பொருள் ஒன்று உண்டு. வீட்டின் பின்புறக் கொட்டகையில் தூசி படிந்து நின்ற பழைய ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரே அது. 1966-ஆம் ஆண்டில் அவர் அதனை வாங்கினார். அதில் ஏறித்தான் நாங்கள் பள்ளிக்குச் சென்றோம். தாயாரை மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றதும், தம்பியைப் புதுக் குழந்தையாக வீட்டுக்குக் கொண்டுவந்ததும் அதில்தான். ஆகவே பழைய இரும்புக்கு விற்றுவிட எனக்கு மனம் வரவில்லை.

இங்கிலாந்தில் 1959-இல் டிரையம்ப் ஹெரால்டு என்னும் பெயரில் வெளிவந்த அவ்வண்டிக்கு உருவம் தந்தவர் மிக்கெலோத்தி என்னும் இத்தாலியர். 1961 முதல் நம் சென்னையிலேயே ஸ்டாண்டர்டு நிறுவனத்தார் அதனைச் செய்து விற்றனர். முன்பாகம் முழுவதும், சக்கரங்களை மூடிய தகடுகளோடு, ஒரே மூடியாக முன்னோக்கிச் சாயும் அழகைத் தெருப்பிள்ளைகள் கூடி நின்று பார்ப்பார்கள். 1971-இல் ஹெரால்டு உற்பத்தி நின்றது. பின்னர் அத்தொழிற்சாலையும் ஓய்ந்தது. செய்தவர்களே இல்லாத வண்டிக்கு உதிரிப்பாகம் எங்கிருந்து கிடைக்கும்?

சில ஆண்டுகளுக்கு முன் என் மகளுக்குத் திருமணம் நிச்சயமாயிற்று. “தாத்தாவின் காரில்தான் நான் கோவிலுக்குப் போவேன், அப்பா” என்று அவள் பிடிவாதமாகச் சொல்லிவிட்டாள். நானும் உள்ளம் நெகிழ்ந்து, எங்கள் பகுதியிலுள்ள மெக்கானிக் ஒருவரிடம் வண்டியை ஒப்படைத்தேன். அவர் உழைப்பில் குறையில்லை. என்ஜின் உயிர்பெற்றது, வண்ணமும் பளபளத்தது. எனக்குப் பெருமை தாளவில்லை.

அந்நாளில்தான் நண்பர் ஒருவர், பழைய கார்களைப் பேணுவோர் ஞாயிறுதோறும் ஓரிடத்தில் கூடுவதாகக் கூறி என்னை அழைத்தார். அது செல்வந்தர்களின் பொழுதுபோக்கு என்று எண்ணியிருந்த நான் சற்றுத் தயங்கியே போனேன். மாளிகை போன்ற பெரிய கார்கள் இரண்டொன்று இருந்தன, உண்மைதான். ஆனால் அம்பாசிடரும் பியட்டும் ஹெரால்டுமே மிகுதி. ஓய்வுபெற்ற ஆசிரியர், வங்கி எழுத்தர், லாரிப் பட்டறை வைத்திருப்பவர் எனப் பலரும் ஒருவர் வண்டிக்கடியில் மற்றவர் தலைநீட்டிப் பேசிக்கொண்டிருந்தனர். வண்டியின் விலையை யாரும் என்னிடம் கேட்கவில்லை. “எந்த ஆண்டு வண்டி? யார் ஓட்டியது?” என்றே கேட்டனர்.

முதியவர் ஒருவர் வந்தார். இளமையில் அத்தொழிற்சாலையிலேயே பிட்டராக இருந்தவராம். மூடியைச் சாய்த்தவர், நான் துடைத்துத் துடைத்து வைத்திருந்த என்ஜினைத் திரும்பியும் பார்க்கவில்லை. முன்சக்கரத்தின் அருகே குனிந்து விரலால் தடவினார்.

“தம்பி, இதற்கு எண்ணெய் விடுகிறீர்களா, கிரீஸா?”

“கிரீஸ்தான் ஐயா, நிறையவே போட்டிருக்கிறது” என்றேன் பெருமையோடு.

அவர் முகம் வாடிற்று. முன்சக்கரத்தைத் தாங்கும் எஃகுத் தண்டின் அடிமுனை, வெண்கலக் கட்டையொன்றினுள் திருகுபோல் இறங்கி, வண்டியைத் திருப்பும்போதெல்லாம் அதனுள்ளே சுழல்வது. அதற்குக் கியர் எண்ணெய்தான் விடவேண்டும். கிரீஸ் மரைகளின் இடுக்கில் சென்று சேராது, நாளடைவில் இறுகிவிடும், நீர் புகுந்து துரு ஏறும். ஒருநாள் திருப்பத்தில் தண்டு ஒடிந்து, சக்கரம் வண்டிக்கடியில் மடங்கிவிடும். இவ்வளவையும் அவர் பொறுமையாக விளக்கினார்.

எனக்கோ சினம் மூண்டது. “எங்கள் மெக்கானிக்குக்கு முப்பது ஆண்டு அனுபவம் ஐயா” என்று வெடுக்கெனச் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. “அவர்மேல் பிழையில்லை தம்பி. மற்றப் பல வண்டிகளுக்கு அவர் செய்வது சரி. எதற்கும் கழற்றிப் பாருங்கள்” என்றார்.

மாலையில் கழற்றிப் பார்த்தோம். இடப்பக்கத் தண்டின் மரைகள் துருவேறித் தேய்ந்திருந்தன. அதன் கழுத்தில் மயிரிழைபோல் ஒரு விரிசல் ஓடிற்று. மணக்கோலத்தில் என் மகள் அமரவிருந்த வண்டி! நான் அப்படியே தரையில் அமர்ந்துவிட்டேன்.

கடைகளில் அத்தண்டு கிடைக்கவில்லை. மறு ஞாயிறு கூச்சத்தோடு சென்று நடந்ததைக் கூறினேன். வங்கி எழுத்தர் தம் காருக்கென்று பல்லாண்டுகளாகப் பாதுகாத்து வைத்திருந்த தண்டையும் கட்டையையும் கொண்டுவந்து கொடுத்தார். பணத்தை நீட்டினேன், வாங்கவில்லை. “நாளை எனக்கு வேண்டியது உங்கள் கொட்டகையில் இருக்கும்” என்று சிரித்தார். முதியவரே அருகிருந்து பொருத்தித் தந்தார். குறித்த நாளில் என் மகள் தாத்தாவின் காரில் சென்று இறங்கினாள்.

தந்தையார் சேர்த்துவைத்த உதிரிப்பாகங்கள் ஒரு தகரப்பெட்டி நிறைய என்னிடம் இருந்தன. சில மாதங்களுக்குப் பின் இளைஞர் ஒருவர் பின்விளக்குக் கண்ணாடி ஒன்று கேட்டபோது, என்னிடம் இருந்ததே ஒன்றுதான். ‘இல்லை’ என்னும் சொல் நா நுனிவரை வந்தது. வங்கி எழுத்தரின் சிரிப்பு நினைவுக்கு வரவே, எடுத்துக் கொடுத்துவிட்டேன். சந்தா செலுத்திய நாளிலன்று, அந்நாளிலேதான் நான் அக்கூட்டத்தில் உண்மையாகச் சேர்ந்தேன் என்று கருதுகிறேன்.

ஐம்பது ஆண்டு கடந்த கார்களைப் பழம்பெரும் ஊர்திகளாகப் பதிவுசெய்ய 2021-இல் அரசு விதி வகுத்தது. நல்லதே. ஆனால் பதிவு எண் ஒரு வண்டியைக் காத்துவிடாது. தொழிற்சாலை மறைந்தபின் அதன் அறிவு சில மனிதர்களின் விரல் நுனியில் மட்டுமே தங்கியிருக்கிறது. கேட்கக் கூசுபவனுக்கும், கொடுக்க மனமில்லாதவனுக்கும் அது கிட்டாமலே போய்விடும்.

முதியவருக்கு இப்போது வயது எண்பதை நெருங்குகிறது, குனிய முடிவதில்லை. புதிதாக எவரேனும் ஹெரால்டு ஓட்டி வந்தால் அவர் என்னைப் பார்ப்பார். நான் சென்று முன்சக்கரத்தருகே குனிந்து கேட்பேன்: “தம்பி, எண்ணெயா, கிரீஸா?”