தாத்தா காலத்துத் துப்பாக்கியும் ஒரு கட்டைவிரலும்

ராத்திரி ட்யூட்டி. மணி ஒன்றரை இருக்கும். கடலூர் மாவட்டத்துல ஒரு அரசு மருத்துவமனை கேஷுவாலிட்டி. (ஆள் அடையாளம் தெரியக்கூடாதுன்னு சில விவரங்களை மாத்திச் சொல்றேன்.)

பத்தொன்பது வயசுப் பையன். இடது கையில லுங்கியைச் சுத்தி, ரத்தம் சொட்டச் சொட்ட அவன் மாமா கூட்டிட்டு வந்தார்.

"என்ன ஆச்சு தம்பி?"

"வெடி வெடிச்சிடுச்சு சார்."

தீபாவளி முடிஞ்சு மூணு மாசம் ஆகுது. துணியைப் பிரிச்சா கட்டைவிரல் பாதி தொங்குது. உள்ளங்கை கிழிஞ்சிருக்கு. கன்னத்துல பொடிப்பொடியா கருப்புப் புள்ளிகள். பட்டாசுன்னா ஒரு காகிதத் துணுக்காவது காயத்துல ஒட்டியிருக்கும். இங்க ஒண்ணுமே இல்ல. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தா, உள்ளங்கைக்குள்ள பளிச்சுனு ஒரு உலோகத் துண்டு.

மாமாவைத் தனியா கூப்பிட்டேன். "ஐயா, நான் போலீஸ் இல்ல. உள்ள போனது என்னன்னு தெரிஞ்சாதான் நான் சரியா வைத்தியம் பார்க்க முடியும்."

கொஞ்ச நேரம் தரையையே பார்த்துட்டு இருந்தவர், அப்புறம் சொன்னார். யாரோ ஒருத்தர்கிட்ட இருந்து வந்த பழைய துப்பாக்கி. தாத்தா காலத்து ட்ரெயினிங் ரைஃபிளாம். சும்மா கிடந்ததை ஒரு பட்டறையில கொடுத்து "வேட்டைக்கு ஆவுற மாதிரி" மாத்தி வாங்கியிருக்காங்க. "ராவானா பன்னி வந்து மல்லாட்டையை மொத்தமா கிளறிட்டுப் போயிடுது சார். நாங்க என்னதான் பண்றது?"

அவரைத் திட்ட எனக்கு மனசு வரல. அதுக்கு ஒரு காரணம் இருக்கு.

நான் கடலூர்ல ஸ்கூல் படிக்கும்போது என்.சி.சி.ல இருந்தேன். பரேடை விட, முடிஞ்சதும் தர்ற டிபனுக்குத்தான் போனேன்னு வெச்சுக்கோங்க. ஆனா ஃபயரிங் அன்னைக்கு கதையே வேற. படுத்துக்கிட்டு, 25 கெஜம் தள்ளி இருக்கிற டார்கெட்டைப் பார்த்து, மூச்சைப் பிடிச்சு அஞ்சு ரவுண்டு. கையில .22 ரைஃபிள். கிட்டத்தட்ட 4 கிலோ கனம். ஆனா சுட்டா 'பட்'னு ஒரு சின்ன சத்தம், அவ்வளவுதான். "இவ்ளோ பெரிய துப்பாக்கிக்கு இவ்ளோண்டு குண்டா?"ன்னு எங்களுக்கெல்லாம் ஏமாற்றம். "இதை மாத்துனா பெருசா சுடலாம்டா"ன்னு ஒரு சீனியர் அளந்துவிட்ட கதையை வாயைப் பொளந்து கேட்டவன்தான் நானும்.

அந்த ரைஃபிள் ஏன் அவ்வளவு கனம்னு ரொம்ப வருஷம் கழிச்சுதான் தெரிஞ்சது. அதோட உடம்பு ராணுவத்தோட .303 லீ-என்ஃபீல்ட். பயிற்சிக்குப் பெரிய தோட்டா செலவு பண்ண வேண்டாம்னு, பிரிட்டிஷ்காரங்க .303-ஐயே .22 ஆக்கினாங்க. அதாவது போர்த் துப்பாக்கியைப் பள்ளிக்கூடத் துப்பாக்கியா 'இறக்கின' மாற்றம்.

இன்னொரு மாற்றமும் நம்ம நாட்டுல நடந்திருக்கு. ராணுவத் தோட்டாவைச் சுடுற துப்பாக்கி பொதுமக்கள் கையில இருக்கக்கூடாதுன்னு பிரிட்டிஷ் அரசு தடை போட்டுச்சு. அதனால அதே லீ-என்ஃபீல்ட் அமைப்புல, .315-ங்கிற வேற தோட்டாவுக்கு வேட்டைத் துப்பாக்கி செஞ்சாங்க. சுதந்திரத்துக்கு அப்புறமும் மேற்கு வங்கத்துல இருக்கிற இஷாப்பூர் ரைஃபிள் ஃபேக்டரி அதைத் தயாரிச்சு, லைசென்ஸ் வெச்சிருக்கிறவங்களுக்கு வித்துச்சு.

"அப்போ மாத்த முடியும்தானே?"ன்னு கேப்பீங்க. ஃபேக்டரியில முடியும். அங்க எந்த இரும்பு, எவ்வளவு சூடு, எவ்வளவு அழுத்தம்னு எல்லாத்துக்கும் கணக்கு உண்டு. வழக்கத்தை விட அதிக அழுத்தம் தர்ற தோட்டாவைச் சுட்டுப் பார்த்து, தாங்கினா மட்டும்தான் முத்திரை குத்துவாங்க.

ஒரு கணக்கு சொல்றேன். .22 தோட்டா வெடிக்கும்போது உள்ள உருவாகிற அழுத்தம், சதுர அங்குலத்துக்கு சுமார் 24,000 பவுண்டு. .303-க்கு சுமார் 49,000. ரெண்டு மடங்கு! சின்ன தோட்டாவுக்கு மட்டுமே தாங்குற பழைய இரும்புல பெரிய தோட்டாவைப் போட்டா, குண்டு முன்னாடி போறதுக்கு முன்னாடியே துப்பாக்கி பிளந்துக்கும். பிளக்குற இடம், ஒரு கை தாங்கிப் பிடிச்சு, கன்னம் அணைச்சிருக்கிற இடம். அந்தப் பையனோட காயம் இதை அப்படியே சொல்லிடுச்சு.

சட்டமும் தெளிவா இருக்கு. 1959 ஆயுதச் சட்டப்படி துப்பாக்கி செய்ய, மாத்த, ரிப்பேர் பண்ணக்கூட அதுக்குன்னு தனி லைசென்ஸ் வேணும். 2019 திருத்தத்துக்கு அப்புறம், அனுமதி இல்லாம செய்யுறதுக்கும் மாத்துறதுக்கும் குறைஞ்சது 7 வருஷம் சிறை. வீட்டுல முறையான லைசென்ஸ் துப்பாக்கியே இருந்தாலும் பட்டறையில கொடுத்து மாத்த முடியாது.

அன்னைக்கு ராத்திரிக்கு வருவோம். ரத்தத்தை நிறுத்தி, டி.டி. ஊசி, ஆன்டிபயாடிக் போட்டு, ஏ.ஆர். எழுதி, போலீசுக்கும் தகவல் சொல்லிட்டு, 108-ல ஜிப்மருக்கு அனுப்பினோம். கை பிழைச்சது. கட்டைவிரல் பிழைக்கல.

அடிபட்டது எப்போன்னு மாமாகிட்ட கேட்டிருந்தேன். "எட்டரை மணிக்கு சார்." கேஸ் ஆகிடுமேன்னு பயந்து, அஞ்சு மணி நேரம் வீட்டுலயே மஞ்சளும் காப்பித்தூளும் வெச்சுக் கட்டியிருக்காங்க. அந்த அஞ்சு மணி நேரம் கையில இருந்திருந்தா விரலைக் காப்பாத்தியிருக்கலாமோன்னு இன்னைக்கும் தோணும். உறுதியா சொல்ல முடியாது. ஆனா தோணும்.

அதனால நாலே நாலு விஷயம்:

✅ எந்த வெடிக் காயமா இருந்தாலும் சுத்தமான துணியால அழுத்திப் பிடிச்சு உடனே 108. மஞ்சள், காப்பித்தூள், பேஸ்ட் எதுவும் வேண்டாம். உள்ள இருக்கிறதை நோண்டி எடுக்காதீங்க.

✅ டாக்டர்கிட்ட உண்மையைச் சொல்லுங்க. போலீசுக்குத் தகவல் சொல்றது எங்க கடமை, அதை மறைக்க மாட்டோம். ஆனா அதுக்காக சிகிச்சை நிக்காது. முதல்ல உயிர், அப்புறம்தான் மத்த நடைமுறைன்னு 1989-லயே பரமானந்த் கட்டாரா வழக்குல சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு.

✅ பன்னித் தொல்லைக்கு வனத்துறையில மனு கொடுங்க. பயிர்ச் சேதத்துக்கு இழப்பீடு இருக்கு. அலைய வேண்டியிருக்கும், தெரியும். ஆனா விரல் மிஞ்சும்.

✅ வீட்டுல பழைய துப்பாக்கி கிடந்தா மறைச்சு வைக்காதீங்க. ஒரு வக்கீலைக் கேட்டுட்டு போலீஸ் ஸ்டேஷன்ல முறைப்படி ஒப்படைச்சிடுங்க.

சுடணும்னு ஆசையா? தப்பே இல்ல. ரைஃபிள் கிளப்ல சேருங்க. ரெண்டு ஒலிம்பிக்ல இந்தியாவுக்கு ஆடின இளவேனில் வாலறிவன் பொறந்தது நம்ம கடலூர்லதான். அவங்க கையில இருக்கிறது வெறும் ஏர் ரைஃபிள். 4.5 மில்லிமீட்டர் குண்டு, 10 மீட்டர் தூரம்.

ஆறு மாசம் கழிச்சு அந்தப் பையனைச் சிதம்பரம் பஸ் ஸ்டாண்டுல பார்த்தேன். டீ கிளாஸை ரெண்டு கையாலயும் சேர்த்துப் பிடிச்சிருந்தான். என்னைப் பார்த்ததும் சிரிச்சான்.

"சார், மல்லாட்டை இந்த வருஷம் நல்ல விளைச்சல். பிடுங்கத்தான் என்னால முடியல."