புல்லிலே படுக்கை!

"பருந்து ராத்திரியில் எங்கே தூங்கும்?" என்று கேட்டாள் என் மனைவி.

"மரத்தில்தான். வேறெங்கே?" என்றேன், எல்லாம் தெரிந்தவனைப் போல. அது எவ்வளவு தப்பான பதில் என்பது குஜராத்துக்குப் போன பிறகுதான் தெரிந்தது.

தீபாவளி முடிந்த கையோடு பத்திரிகை வேலையாகப் பாவநகர் போனேன். அவளும் கூட வந்தாள். அங்கிருந்து காரில் ஒரு மணி நேரப் பிரயாணத்தில் வேளாவதர். ஒரு காலத்தில் பாவநகர் மகாராஜாக்கள் சிவிங்கிகளை ஏவி மான் வேட்டையாடிய இடம். 1976-இல் தேசியப் பூங்காவாயிற்று. பரப்பு சுமார் 34 சதுர கிலோமீட்டர். மரத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்! மழை ஓய்ந்து, காய்ந்து, பொன்னிறமாகிவிட்ட புல். அதனூடே முறுக்குக் கொம்புகளுடன் வெளிமான்கள். மழைக் காலத்தில் புல்லுக்கு மேலே துள்ளித் துள்ளிக் குதிக்கும் வரகுக்கோழியை நாங்கள் பார்க்கவில்லை. அதன் பருவம் முடிந்துவிட்டது.

"இந்தப் பொட்டலைப் பார்க்கவா இவ்வளவு தூரம்?" என்றாள் மனைவி.

"கொஞ்சம் பொறுங்கள், பஹன்ஜி" என்றார் வழிகாட்டிப் பெரியவர்.

சூரியன் சாய்ந்தது. ஒன்று, இரண்டு, பத்து என்று வந்தன பூனைப்பருந்துகள். புல்லை உரசுவது போலத் தாழப் பறந்தன. ஆணுக்குச் சாம்பல் நிறம், பெண்ணுக்குப் பழுப்பு. "ஆணைவிடப் பெண்தான் பெரியது" என்றார் பெரியவர். மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள்! சற்றைக்கெல்லாம் அத்தனை பறவைகளும் புல்லுக்குள் இறங்கி மறைந்தன. தரைதான் அவற்றின் படுக்கை!

கஜகஸ்தான் புல்வெளிகளிலிருந்தெல்லாம் வருகின்றன இந்த விருந்தாளிகள். பகலெல்லாம் சுற்றுப்புற வயல்களில் வெட்டுக்கிளிகளைத் தின்று குடியானவனுக்கு உபகாரம் செய்கின்றன. ஆனால் 1990-களில் வந்த கூட்டம் இப்போது வருவதில்லை. வயலில் பூச்சிமருந்து தெளித்தால் ஆகாரம் போயிற்று. புல்வெளியை உழுதால் படுக்கை போயிற்று. சர்க்கார் கணக்கிலோ பல புல்வெளிகளுக்குப் பெயர் 'தரிசு'! மரம் நட்டு நல்லது செய்கிறோம் என்று நினைத்தாலும், இவற்றுக்கு அது கெடுதல்தான்.

திரும்பி வரும்போது மனைவி வெகு நேரம் பேசவில்லை. பிறகு மெல்லக் கேட்டாள்:

"ஊருக்கு வெளியே நாம் வாங்கினோமே ஒரு மனை... அதுவும் அப்போது வெறும் புல்தானே?"

இந்தத் தடவை நான் அவசரப்பட்டுப் பதில் சொல்லவில்லை.