ஐந்து டாலர் உடன்படிக்கை

1969 ஜூனில் கனடா அரசு தன் பூர்வகுடிகளைப் பற்றி வெளியிட்ட வெள்ளை அறிக்கையைக் கெட்டவர்கள் எழுதியது என்று ஒதுக்கிவிட்டால் அதில் இருக்கும் விஷயமே கைக்கு வராது. பிரதமர் பியர் ட்ரூடோ அசல் லிபரல். நீதியான சமுதாயம் அமைப்பேன் என்று சொல்லி முந்தைய ஆண்டு தேர்தலில் ஜெயித்தவர். இந்தியர் (பூர்வகுடிகளுக்குச் சட்டம் வைத்த பெயர்) விவகார அமைச்சர் ழான் கிரெட்டியன் கொண்டுவந்த யோசனை இது: 1876இன் இந்தியர் சட்டம் ரத்து, தனித் துறை மூடல், தனி அந்தஸ்து கிடையாது, பூர்வகுடிகளோடு செய்துகொண்ட உடன்படிக்கைகளும் காலப்போக்கில் முடிவுக்கு வரும். எல்லாரும் ஒரே குடிமக்கள். படித்தால் குறை சொல்லத் தோன்றாது.

கிரீ என்ற பூர்வகுடி இனத்தவரான ஹெரால்ட் கார்டினலுக்குத் தோன்றியது. அல்பெர்ட்டா இந்தியர் சங்கத் தலைவர், வயது 24. 'அநீதியான சமுதாயம்' என்று தலைப்பு வைத்து அதே ஆண்டு ஒரு புத்தகம் எழுதினார். அடுத்த ஆண்டு சங்கம் சிவப்பு அறிக்கை போட்டது. நாங்கள் குடிமக்கள்தான், அதற்கு மேலும் எங்களுக்குப் பாத்தியதை உண்டு என்பது அதன் வாதம். வெள்ளை அறிக்கை கிடப்புக்குப் போனது.

*

கனடாவின் சமவெளிப் பகுதியில் அந்த உடன்படிக்கைகளின் பேரில் உடன்படிக்கை நாள் இன்றும் நடக்கிறது. கூடத்தில் ஒரு மேஜை. அரசு ஊழியர் பட்டியலில் பெயரைத் தேடிக் குறித்துக்கொண்டு ஆளுக்கு 5 டாலர் எண்ணிக் கொடுப்பார். பக்கத்தில் சிவப்புக் கோட்டு மவுன்டட் போலீஸ்காரர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பேசிய தொகை, விலைவாசி எங்கே போனாலும் ஏறவில்லை. பிச்சைக்காசு என்று சிரிப்பவர்கள் உண்டு. வரிசையில் நிற்பவருக்கு அது வாடகை ரசீது மாதிரி: ஒப்பந்தம் இன்னும் உயிரோடு இருக்கிறது, கொடுக்க வேண்டியவன் கொடுக்கிறான்.

ஒரே சமுதாயத்தில் ஒரு பகுதியினர் இன்னொரு பகுதியினரோடு எப்படி உடன்படிக்கை வைத்துக்கொள்ள முடியும் என்று ட்ரூடோ வான்கூவரில் கேட்டார். யாருமே கையெழுத்துப் போடாத சமூக ஒப்பந்தத்தை நம்புகிறவர், கையெழுத்தான ஒப்பந்தத்தைப் பார்த்துத் திகைத்தார்!

*

அந்தச் சமூக ஒப்பந்தத் தத்துவத்தின் மூதாதைகளில் ஒருவர் ஜான் லாக். உழைப்பைக் கலந்தவனுக்கே நிலம், உழாத நிலம் தரிசு என்றார். கரோலினா குடியேற்றத்தின் உரிமையாளர்களிடம் செயலாளராக இருந்தவர். அந்தத் தத்துவம் யார் நிலத்தைக் குறிவைத்தது என்று மேற்கொண்டு சொல்ல வேண்டியதில்லை.

*

1989இல் கனடியத் தத்துவவாதி வில் கிம்லிக்கா லிபரலிசத்தை உள்ளிருந்தே பழுதுபார்த்தார். தன் வாழ்க்கையைத் தானே தேர்வதுதான் உயிர்க்கொள்கை என்றால், தேர்வதற்குக் காலடியில் ஒரு பண்பாடு வேண்டும். பெரும்பான்மையினருக்கு அது சும்மாவே கிடைக்கிறது, பூர்வகுடிகளுக்கு இல்லை. ஆகவே தனி உரிமை சலுகையல்ல, சமத்துவம் வைத்திருக்கும் பாக்கி. கெட்டிக்கார வாதம். ஆனால் 'இது எங்கள் நிலம், நாங்கள் யாருக்கும் கொடுக்கவில்லை' என்று வந்து நிற்பவரிடம் பண்பாட்டைப் பற்றிப் பேசினால் எப்படி?

பிரிட்டிஷ் கொலம்பியாவின் நிஸ்கா மக்கள் அப்படித்தான் வந்து நின்றார்கள். 1927 முதல் 1951 வரை, அனுமதியின்றி நில வழக்குக்குப் பணம் திரட்டுவதே குற்றமாக இருந்த நாடு அது. கனடா உச்ச நீதிமன்றத்தின் 1973 கால்டர் வழக்கில் நிஸ்கா தோற்றார்கள். ஆனால் ஏழு நீதிபதிகளில் ஆறு பேர், குடியேற்றத்துக்கு முன்பே இருந்த நில உரிமையைச் சட்டம் அறியும் என்று ஒப்புக்கொண்டனர். அதே ஆண்டு ட்ரூடோ அரசு நிலப் பேச்சுவார்த்தைக்கு இறங்கி வந்தது. அசைத்தது தத்துவமல்ல, வழக்கு.

*

இப்படிப் பூர்வகுடிக் குழுவுக்கு உரிமை கொடுத்தால் உள்ளே இருக்கும் பெண்ணின் கதி என்ன? நியாயமான கேள்வி. அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில், சான்டா கிளாரா பூர்வகுடிக் குழுவில், வெளியில் மணந்த பெண்ணின் பிள்ளைகளுக்கு உறுப்பினர் உரிமை இல்லாமல் இருந்தது. வெளியில் மணந்த ஆணின் பிள்ளைகளுக்கு இருந்தது. 1939இல் குழு தானே போட்ட விதி. 1978இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தலையிட மறுத்தது. எனக்கு இது செரிக்கவில்லை.

இதோடு சான்ட்ரா லவ்லேஸையும் ஒரே மூட்டையில் கட்டுகிறார்கள். அது தவறு. வெளியாரை மணந்ததால் இந்தியர் அந்தஸ்தை இழந்த, கனடாவின் மலிசீட் இனப் பெண் அவர். ஐ.நா. மனித உரிமைக் குழுவுக்குப் போய் 1981இல் ஜெயித்தார். அவரைத் தள்ளிவைத்த விதி ஒட்டாவா அரசு எழுதியது, இந்தியர் சட்டத்தில் இருந்தது. 1985இல் நாடாளுமன்றம் அதைத் திருத்தியது. அந்தஸ்தைத் திரும்பப் பெற்றவர்களுக்குப் பூர்வகுடிகளுக்கென ஒதுக்கிய ரிசர்வ் நிலத்தில் வீடு எங்கே, மனை எங்கே என்கிற தலைவலியை அந்தந்த ஊர் மன்றங்களிடம் தள்ளிவிட்டது.