குருதி எடுத்தவரும் பெயர் பெற்றவரும்

1976இல் காங்கோவின் யம்புக்குவில் பரவிய இனந்தெரியாத காய்ச்சலை ஆராயச் சென்ற காங்கோ நாட்டு நுண்ணுயிரியலாளர் ழான்-ழாக் முயெம்பே, கையுறைகூட இல்லாமல் நோயாளிகளிடம் குருதி எடுத்தார். அவர் கின்ஷாசாவுக்கு அழைத்துவந்த, நோயுற்ற பெல்ஜியக் கன்னியாஸ்திரியின் குருதி மாதிரி ஆன்ட்வெர்ப் ஆய்வகத்துக்குப் போக, எபோலா தீநுண்மியைக் கண்டறிந்த புகழ் நெடுங்காலம் மேலை ஆய்வாளர்களையே சேர்ந்தது. இப்படி வெளியிலிருந்து வருவோர் உள்ளூர்த் தரவை எடுத்துக்கொண்டு, புகழைப் பகிராமல் திரும்பிவிடும் முறை 'பாராசூட் ஆய்வு' எனப்படுகிறது.

மருத்துவக் கட்டுரைகளின் ஆசிரியர் பட்டியலில் முதற்பெயர் பெரும்பாலும் முதன்மையாக உழைத்தவரையும் கடைசிப்பெயர் வழிநடத்தியவரையும் குறிப்பதாலும், பதவி உயர்வுக் குழுக்கள் பலவும் அவ்விரண்டையே பெரிதாக மதிப்பதாலும், இத்தகைய ஆய்வுகளில் இடையில் எங்கோ பெயர் வரும் (அதுவும் வந்தால்) உள்ளூர் ஆய்வாளர் பதவியில் தேங்கிவிடுகிறார். முயெம்பே பின்னாளில் ஓர் எபோலாப் பரவலின்போது எடுத்த முடிவு, சம்பிரதாயமான நன்றியுரைகளைவிடக் காரமானது: அப்பரவலில் எடுக்கப்படும் குருதி மாதிரிகள் காங்கோவிலேயே இருக்க வேண்டும்.