மோட்டர்ஹெட் எந்த வகை?

மோட்டர்ஹெட் ஹெவி மெட்டலா, ஸ்பீட் மெட்டலா, பங்க்கா? பழைய கேள்விதான். ஆனாலும் தம்பிமார் இதுக்காக நட்பையே முறிக்கிற அளவுக்குச் சண்டை பிடிப்பதால் நானும் கொஞ்சம் கதைக்கிறேன்.

முதலில் லெமி கில்மிஸ்டர். 1975இல் ஹோக்விண்ட் குழு அவரை வெளியேற்றியது. அதே ஆண்டு இலண்டனில் மோட்டர்ஹெட்டைத் தொடங்கினார். தாங்கள் வாசிப்பது ரொக் அண்ட் ரோல் என்று மேடையிலேயே சொல்வார். மெட்டல் என்ற பெயரை அவர் ஏற்கவில்லை. அவர் வளர்ந்தது லிட்டில் ரிச்சர்டைக் கேட்டு.

அப்படியென்றால் மெட்டல் என்பவர்கள் பிழையா? 1979இல் வந்த 'ஓவர்கில்' பாட்டைக் கேளுங்கள். பில் டெய்லரின் இரட்டை பேஸ் ட்ரம் ஓடுகிற ஓட்டம் பின்னால் வந்த த்ராஷ் குழுக்களுக்குப் பாடப்புத்தகம் மாதிரி. மெட்டாலிக்காவின் லார்ஸ் உல்ரிச் இவர்களின் தீவிர ரசிகர்.

பங்க் ஆட்களுக்கும் உரிமை உண்டு. ரமோன்ஸ் குழுவைப் பற்றி லெமி ஒரு பாட்டே எழுதினார். நீள முடிக்காரரும் பங்க் இளைஞரும் ஒன்றாக வந்து கேட்ட குழு இது.

வேடிக்கை என்னவென்றால், இவர்களுக்குக் கிராமி கிடைத்தது 2005இல், மெட்டல் பிரிவில். அதுவும் மெட்டாலிக்காவின் 'விப்லாஷ்' பாட்டைத் திரும்ப வாசித்ததற்கு!

என் பார்வையில் இங்கே இரண்டு கேள்விகள் கலந்துவிட்டன. லெமி சொன்னது தான் எங்கிருந்து வந்தேன் என்பதை. ரசிகர்கள் சொல்வது அவரிடமிருந்து என்ன பிறந்தது என்பதை. இரண்டும் உண்மை.

வகைப்படுத்துவது கூடாது என்று சொல்லவில்லை. ஆசிரியர்கள் நாங்கள் அதைத்தானே தினமும் செய்கிறோம். ஆனால் ஓ.எல். முடிந்து கணிதப் பிரிவுக்குப் போன பிள்ளை நல்லாக் கவிதை எழுதினாலும், கவிதைப் போட்டிக்கு அவனைக் கூப்பிட யாருக்கும் ஞாபகம் வருவதில்லை. பெயர்ப்பலகை செய்கிற அநியாயம் அதுதான். மோட்டர்ஹெட்டை மெட்டல் என்று மட்டும் பூட்டி வைத்தால் அந்த ரசிகன் லிட்டில் ரிச்சர்டைத் தேடிப் போகவே மாட்டான்.

அதனால் தம்பிமாரே, முதலில் லிட்டில் ரிச்சர்டின் 'லோங் டோல் சாலி', அடுத்து 1980இன் 'ஏஸ் ஒஃப் ஸ்பேட்ஸ்', பிறகு 1983இல் வந்த மெட்டாலிக்காவின் முதல் அல்பம். மூன்றையும் இதே வரிசையில் கேட்டுவிட்டு வாங்க. பிறகு கீழே ஆறுதலாகச் சண்டை பிடிக்கலாம்.