சும்மா பார்க்க வந்தோம்

ஹைதராபாத்தை அடுத்த ஷம்ஷாபாத்தில் விமான நிலையம் வருவதற்கு முன்னால் அந்தப் பக்கம் போகிற வழியெல்லாம் திராட்சைத் தோட்டங்கள் இருந்தன. மேட்சல் பக்கமும் அப்படித்தான். கல்தூண் நட்டு, கம்பி இழுத்து, தலைக்கு மேலே பந்தல். மாசி பிறந்ததும் அப்பா மொஜம்ஜாஹி மார்க்கெட்டிலிருந்து அனாப்-எ-ஷாஹி வாங்கி வருவார். நீளவாட்டில் பெரிய பெரிய பழம், வெளிர்பச்சையில் தேன் நிறம் லேசாக ஓடும், கடித்தால் உள்ளே விதை தட்டுப்படும். மேற்காசியாவிலிருந்து நிஜாம் நாட்டுக்கு வந்த ரகம். அதற்கும் வெகு காலம் முன்பே இந்த மண்ணுக்குத் திராட்சை பழக்கம். 1660களில் கோல்கொண்டாவுக்கு வந்த பிரெஞ்சுப் பயணி தெவெனோ, இங்கே தை மாதவாக்கில் திராட்சை பழுப்பதையும் அதில் வெள்ளை ஒயின் எடுப்பதையும் எழுதிவைத்திருக்கிறார்.

பிறகு விதையில்லாத பழம் சந்தைக்கு வந்தது. கிணறுகள் வற்றின. மனை விலை ஏறியது. 158 கிலோமீட்டர் வெளிவட்டச் சாலை ஊரைச் சுற்றி வந்தபோது பந்தல்கள் அநேகமாக இல்லை. ராஜேந்திரநகரில் திராட்சை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. வீட்டுக்கு ஒரு கூடை பழம் வாங்கி வருகிற அந்தக் காலம்தான் இல்லை.

அவ்வளவு தோட்டங்கள் இருந்தும் எதிலும் நாங்கள் இறங்கிப் பார்த்ததில்லை. பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்ததோடு சரி. எங்கள் வீட்டில் இடம் பார்க்கப் போகும் பழக்கமே கிடையாது. பயணம் என்றால் உறவுக்காரர் வீடு. அதுவும் நல்லது கெட்டதுக்கு மட்டும்.

உறவுக்காரர்களோ தக்காணம் முழுக்கச் சிதறிக் கிடந்தார்கள். தாத்தா அரக்கோணத்திலிருந்து லாலாகூடா ரயில்வே பட்டறைக்கு வேலைக்கு வந்தவர். செகந்திராபாத்தில் தமிழ்ப் பேச்சு அதற்கும் முந்தையது. 1806க்குப் பிறகு பட்டாளத்தோடு வந்த மதராஸ் மாகாணத்துக் குடும்பங்கள் போலாரம், திருமலகிரி, பிக்கெட் என்று தங்கிவிட்டன. ரயில்வே வந்தபோது இன்னொரு கூட்டம். எங்கள் குடும்பம் அந்தக் கூட்டத்தில் ஒன்று. தமிழ்நாட்டில் எங்களுக்கு நிலம் இல்லை, வீடு இல்லை. ஆடிக் கிருத்திகைக்கு ஸ்கந்தகிரி முருகனே திருத்தணி.

பெரியப்பாவும் ரயில்வேயில்தான். 1966இல் தென் மத்திய ரயில்வே செகந்திராபாத்தைத் தலைமையிடமாக வைத்துத் தொடங்கியபோது சோலாப்பூர் கோட்டமும் அதில் இருந்தது. அதனால் அவரைச் சோலாப்பூருக்கு மாற்றினார்கள். 1977இல் அந்தக் கோட்டத்தை மத்திய ரயில்வேக்குக் கொடுத்துவிட்டு, குந்தக்கல்லை இந்தப் பக்கம் எடுத்துக்கொண்டார்கள். காகிதத்தில் ஒரு கோடு மாறியது. பெரியம்மா சோலாப்பூர்க்காரி ஆகிவிட்டாள். அத்தையைக் கட்டிக்கொண்டவர் புணேயில் கிர்க்கி வெடிமருந்துத் தொழிற்சாலையில். சித்தப்பா நாசிக்கை அடுத்த ஓஜரில், மிக் விமானம் கட்டிய ஹெச்.ஏ.எல்.லில். இந்த ஆண்கள் யாரும் இப்போது இல்லை. அவர்கள் வேலைக்காகப் போன ஊர்களில் பெண்கள் இருக்கிறார்கள்.

அம்மாவுக்கு எழுபத்தைந்து தாண்டிவிட்டது. இரண்டு முழங்காலும் போய்விட்டன. ரயிலில் மேலே ஏற முடியாது. காரில் தொடர்ந்து உட்கார முடியாது. எல்லாவற்றுக்கும் மேலே, வழியில் பாத்ரூம் இல்லை. நம் ஊர்களில் வயதான பெண்கள் வீட்டோடு கிடப்பதற்கு இதுதான் முதல் காரணம். அதை வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள், "எனக்கு எங்கேயும் வர இஷ்டமில்லை" என்பார்கள். வெளியூர்ப் பயணத்துக்கு முதல் நாள் ராத்திரியிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் இருக்கும் அம்மாக்களை எனக்குத் தெரியும். என் அம்மாவும் அவர்களில் ஒருத்தி.

அதனால்தான் கேரவன் எடுத்தோம். டெம்போ டிராவலரை உள்ளே மாற்றிக் கட்டியது. நீட்டிப் படுக்கக் கட்டில்கள், சின்ன அடுப்பு, தொட்டி, பின்பக்கம் கைப்பிடி வைத்த வெஸ்டர்ன் கழிப்பறை. கேரவன் என்றால் ஹைதராபாத்தில் சினிமாக்காரர் வண்டி. தெருப் பையன்கள் ஓடிவந்து "ஏ ஹீரோ வச்சாடு?", எந்த ஹீரோ வந்திருக்கிறார் என்று கேட்டார்கள். அம்மா படியில் கால் வைத்து ஏறுவதைப் பார்த்ததும் அவர்களே கை கொடுத்தார்கள்.

சோலாப்பூருக்கு முன்கூட்டியே போன் போட்டிருந்தேன்.

"என்னடி விசேஷம்?" என்றாள் பெரியம்மா.

"ஒண்ணும் இல்ல பெரியம்மா. சும்மா பார்க்க வரோம்."

சற்று நேரம் பேச்சே இல்லை. பிறகு குரலைத் தாழ்த்தி, "அம்மாவுக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா? எங்கிட்ட மறைக்காதே" என்றாள்.

சும்மா பார்க்க ஒருவர் வருவார் என்பதை அவளால் நம்ப முடியவில்லை. நிச்சயதார்த்தம், வளைகாப்பு, காரியம் என்று ஏதாவது ஒன்று இருந்தால்தான் எங்கள் வீட்டுப் பெண்கள் ஊர்விட்டு ஊர் போவார்கள். போன இடத்திலும் சமையற்கட்டு. எத்தனையோ கல்யாணங்களில் சந்தித்துக்கொண்ட அக்கா தங்கைகள், காய் நறுக்கியபடி பேசியது தவிர வேறு பேச்சு பேசியிருப்பார்களா என்று தெரியவில்லை.

சங்காரெட்டி, ஜஹீராபாத், ஹும்னாபாத். தேசிய நெடுஞ்சாலை 65. இருபுறமும் கரும்பு, கடலை, சோளம். இந்த வழியில் சின்ன வயதில் பஸ்ஸில் போனபோது நள்துர்க் பேருந்து நிலையத்தில் நிற்கும். வெங்காய பஜ்ஜியும் டீயும் வாங்கித் தருவார்கள். ஊர் தாண்டும்போது கறுப்பாக ஒரு கோட்டைச் சுவர் கூடவே வரும். அது என்ன கோட்டை என்று கேட்டதும் இல்லை, யாரும் சொன்னதும் இல்லை.

சோலாப்பூரில் பெரியம்மா கடக் பாக்ரியும் கடலைச் சட்னிப் பொடியும் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். ராத்திரி நாங்கள் வண்டியில் படுத்துக்கொள்கிறோம் என்றதும் அவளுக்குக் கோபம். "வீடு இருக்கும்போது தெருவுல படுப்பீங்களா?" சொந்தக்காரர் வீட்டு வாசலில் வண்டிக்குள் தூங்குவது அவள் வரையில் அவமரியாதை. கடைசியில் அம்மா மட்டும் வீட்டுக்குள்ளே, பெரியம்மா கட்டிலுக்குப் பக்கத்தில் படுத்தாள். விடிய விடிய இருவர் குரலும் கேட்டது. எங்களுக்கு ஜமக்காளம் உதறிப் போட வேண்டிய வேலை இல்லாததால் பெரியம்மாவுக்குப் பேச நேரம் கிடைத்தது. மறுநாள் காலை அவளே அதைச் சொன்னாள்.

"நள்துர்க் கோட்டை பார்த்திருக்கியா பெரியம்மா?"

"பஸ் ஸ்டாண்டு பார்த்திருக்கேன்."

45 கிலோமீட்டர். கல்யாணம் முடிந்த சில வருஷத்தில் அந்த ஊருக்கு வந்தவள், கொள்ளுப்பேத்தி எடுத்துவிட்டாள். வந்த வழியே வண்டியைத் திருப்பினோம். போரி ஆற்றை மறித்து, கோட்டையின் இரண்டு பகுதிகளையும் சேர்த்து, இரண்டாம் இப்ராஹிம் ஆதில் ஷா காலத்தில் கட்டிய கல்லணை அங்கே இருக்கிறது. அணையின் வயிற்றுக்குள்ளேயே ஓர் அறை. பானி மஹால் என்கிறார்கள். மழைக்காலத்தில் ஆறு தலைக்கு மேலே வழிந்து ஜன்னலுக்கு எதிரே அருவியாக விழும், உள்ளே இருப்பவர் நனையமாட்டார். நாங்கள் போனது பிப்ரவரி, அருவி இல்லை. பெரியம்மா படியிறங்க முடியாது என்று அணையின் மேலேயே நின்றாள். ஒரு பக்கம் தேங்கிய தண்ணீர், மறுபக்கம் ஆழத்தில் பாறை. சுவரின் மேல் கையை வைத்துக்கொண்டு அவள் கேட்டது: "பெரியப்பா இருந்தப்ப இதெல்லாம் இங்கதான் இருந்துதா?"

நானூறு வருஷமாக இருக்கிறது என்று சொன்னேன். அவள் கேட்டது அதுவல்ல என்பது எனக்கும் தெரியும்.

அம்மாவுக்கு அந்த ராத்திரி கதை போதவில்லை. பெரியம்மாவும் எங்களோடு அக்லூஜ் வரை வருவதென்று முடிவாயிற்று. டெம்புர்ணியில் புணே சாலையை விட்டுத் திரும்பினால் அக்லூஜ். அங்கே மோட்டேவாடியில் ஃப்ராடெல்லி ஒயின் தோட்டம். இத்தாலியச் சகோதரர்கள், டெல்லிச் சகோதரர்கள், அக்லூஜ் மோஹிதே பாட்டீல் குடும்பத்தார் சேர்ந்து 2006வாக்கில் தொடங்கியது. சோளமும் கரும்பும் விளைந்த மண்ணில் சாஞ்சியோவேஸே, ஷெனின் பிளாங் என்று கொடிகள்.

"நாம இங்கெல்லாம் வரலாமா?" என்றாள் அம்மா. ஒயின் என்றால் அவளுக்குச் சாராயம். தோட்டம் பார்க்கத்தான் என்றேன். இறங்கியதும் அவள் கவனித்த முதல் விஷயம், "பந்தல் இல்லையே!" ஷம்ஷாபாத்தில் பஸ் ஜன்னலிலிருந்து பார்த்த பந்தல் அவள் கண்ணில் அப்படியே இருந்திருக்கிறது. ஒயின் திராட்சையை வரிசை வரிசையாக வேலி கட்டி நிறுத்துகிறார்கள். குலைகள் இடுப்பளவில் தொங்குகின்றன. குனியாமல், எக்காமல் பறிக்கலாம். காற்றும் வெயிலும் அளவோடு கிடைக்கும். தோட்டத்தில் இருந்தவர் மராத்தியில் விளக்க, பெரியம்மா தமிழில் சொன்னாள். சித்திரையை ஒட்டி ஒரு கவாத்து, ஐப்பசியை ஒட்டி ஒரு கவாத்து. முதல் வெட்டு கொடி முற்றுவதற்கு, இரண்டாவது வெட்டு காய்ப்பதற்கு. குளிர்நாடுகளில் பனிக்காலத்தில் கொடி தானே உறங்கிவிடும். இங்கே உறக்கம் கிடையாது, ஆகவே இரண்டு தடவை வெட்ட வேண்டும்.

ஒரு பழத்தைக் கிள்ளி, பேனா நீளத்துக்கு இருந்த ஒரு கருவியின் கண்ணாடியில் சாற்றைப் பிழிந்தார். மூடியை அழுத்தி, வெளிச்சத்தைப் பார்த்துப் பிடித்து உள்ளே நோக்கினார். சர்க்கரையின் அளவு அதில் ஒரு கோடாகத் தெரியும். சாப்பிடுகிற திராட்சையை விட ஒயின் திராட்சையில் சர்க்கரை அதிகம் ஏற விடுவார்கள். அந்தச் சர்க்கரைதான் தொட்டியில் நொதித்துச் சாராயச்சத்து ஆகிறது. பெரியம்மா ஒரு கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். "மேல நீலம், கீழ வெள்ளை" என்றாள். அம்மா பழத்தை வாயில் போட்டாள். சின்னப் பழம், தடித்த தோல், முக்கால்வாசி விதை. "அனாப்-எ-ஷாஹிகிட்ட நிக்காது" என்று தீர்ப்புச் சொன்னாள். ஒயினை இருவரும் முகர்ந்து பார்த்ததோடு சரி. கோப்பையைத் திருப்பிக் கொடுத்தபோது இருவர் முகத்திலும் ஊர் தாண்டி ஓர் இடத்தைப் பார்த்துவிட்ட நிறைவு.

பெரியம்மாவை அவள் பேரன் வந்து அழைத்துப் போனான். பிக்வணில் உஜனி அணையின் தேக்குநீரில் பூநாரைகள் கூட்டமாக நின்றிருந்தன. அம்மா கட்டிலில் படுத்தபடியே ஜன்னலில் பார்த்தாள்.

கிர்க்கி அத்தையால் இப்போது எங்கும் போக முடியாது; இடுப்பெலும்பு முறிந்து சேர்ந்தவள். நாங்கள் மெதுவாகத் தூக்கி வண்டியில் உட்காரவைத்தோம். எங்கே போகலாம் அத்தை என்று கேட்டபோது, சனிவார் வாடா கேட்கவில்லை, கோயில் கேட்கவில்லை. "ஃபேக்டரி கேட்டு வரைக்கும் போயிட்டு வரலாமா?" 1869இல் வெள்ளைக்காரர்கள் கட்டிய தொழிற்சாலை. மாமா சைக்கிளில் சங்கு ஊதுவதற்கு முன்னால் போய்ச் சேர்ந்த வாசல். காலமெல்லாம் டிபன் கட்டிக் கொடுத்தவள் அந்த வாசலைத் தூரத்திலிருந்துதான் பார்த்திருக்கிறாள். வண்டி ஓரமாக நின்றது. அத்தை பார்த்தாள். "சரி, போலாம்" என்றாள்.

நாராயண்காவ் வழியாக நாசிக். 1980களில் ஷாம்ராவ் சௌகுலே நுரைக்கும் ஒயின் செய்து வெளிநாட்டுக்கு அனுப்பிய ஊர் நாராயண்காவ். பக்கத்தில் கோடத் கிராமத்தைச் சுற்றி ராட்சத ரேடியோ தொலைநோக்கி. ஒவ்வொன்றும் 45 மீட்டர் அகலத்தில் 30 கிண்ணங்கள். ஊட்டியில் 1970இல் மலைச்சரிவில் தொலைநோக்கி அமைத்த கோவிந்த் ஸ்வரூப்தான் இதையும் அமைத்தவர்.

ஓஜரில் சித்தி. நாசிக்கில் இன்று ஒயின் தோட்டம் என்றால் சுலா; ராஜீவ் சமந்த் அமெரிக்க வேலையை விட்டு வந்து 1990களின் கடைசியில் கங்காபூர் அணைப் பக்கம் தொடங்கியது. சித்தியையும் அழைத்துப் போனோம். சுற்றிலும் இளைஞர் கூட்டம், எதிரே அணை நீர். "நாங்க வந்தப்ப இங்க ஒண்ணுமே இல்ல" என்றாள். ஒவ்வொரு வருஷமும் மன்மாட்டில் அஜந்தா எக்ஸ்பிரஸ் ஏறி, மீட்டர்கேஜில் ராத்திரி முழுக்கக் குலுங்கி, செகந்திராபாத் வந்தவள் சித்தி. அஜந்தாவைப் பார்த்ததில்லை.

பார்க்க வைத்தோம். அங்கே நாற்காலியில் உட்காரவைத்து நான்கு பேர் தூக்கிப் போகிறார்கள். கூச்சப்பட்டாள், பிறகு ஏறினாள். வாகோரா ஆறு வளைகிற மலையில் வரிசையாகக் குகைகள். முதல் குகையின் மங்கிய வெளிச்சத்தில் பத்மபாணி தெரிய வேண்டுமானால் கண் பழகும்வரை நிற்க வேண்டும். இந்த ஓவியங்களைக் காப்பாற்ற 1920வாக்கில் இத்தாலியிலிருந்து நிபுணர்களை வரவழைத்தது நிஜாம் அரசு; குலாம் யஸ்தானி அதன் தொல்லியல் துறைத் தலைவர். அஜந்தா 1956 வரை ஹைதராபாத் ராஜ்யத்தில்தான் இருந்தது. நாங்கள் போன வழியில் நள்துர்க்கும் அஜந்தாவும் சித்தி ஏறிய ரயில் பாதையின் பெரும்பகுதியும் அந்த ராஜ்யத்தின் எல்லைக்குள் இருந்தவை. எங்கள் குடும்பம் அதன் மேலும் அதன் ஓரங்களிலும் மூன்று தலைமுறையாக வாழ்ந்திருக்கிறது, வேடிக்கை பார்க்க நேரமில்லாமல்.

கேரவன் வாடகை அதிகம்தான். அந்தப் பணத்துக்கு விமானத்திலேயே எங்காவது போய்வரலாம் என்று சொன்னவர்கள் உண்டு. பேரப்பிள்ளைகளின் படிப்புக்கும் கல்யாணத்துக்கும் கணக்குப் பார்க்காத வீடுகளில், கிழவிகள் ஊர் பார்ப்பதற்கு மட்டும் கணக்கு வருகிறது. கேரவன் கிடைக்காவிட்டால் பரவாயில்லை. நல்ல கழிப்பறை இருக்கும் இடமாகப் பார்த்துப் பார்த்து நிறுத்தி, காரில் பாதிப் பாதி தூரமாகப் போங்கள். காரியத்துக்கு ஓடுவதற்கு முன்னால் ஒரு தடவை காரணமில்லாமல் போங்கள்.

சித்தி ஓஜருக்குத் திரும்பவில்லை. ஜால்னா, நாந்தேட் வழியாக எங்களோடு செகந்திராபாத் வந்துவிட்டாள். அம்மாவும் அவளும் அடுத்த பயணத்தைப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். குந்தக்கல்லில் அம்மாவின் ஒன்றுவிட்ட தங்கை ஒருத்தி இருக்கிறாள், அங்கிருந்து ஹம்பி. ஹம்பி மலைப் பக்கம் ஹைதராபாத்துக்காரர்களான சிகுருபாடி தம்பதி திராட்சை வைத்து ஒயின் எடுக்கிறார்கள் என்று சொன்னேன். "நம்ம ஊர்க்காரங்களா?" என்று கேட்டுவிட்டு, குந்தக்கல்லுக்குப் போன் போடச் சொன்னாள் அம்மா.